ஃபோர்மேன் சாப்பிடவில்லை

சோஹார் துறைமுகச் சாலையில்
உருக்காலைப் புகை இறங்கும் பக்கம்
எங்கள் முகாம்.
காலை மூன்றரைக்கு அரிசி ஊறும்
ஆயிரத்து நூற்றெண்பது பேருக்கு.
உப்பைக் கையால்தான் போடுவேன்.
கரண்டி தப்பும், கை தப்பியதில்லை.

அந்தக் கை இப்போது
ஓர் அலுமினியக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு
ஜெனரேட்டர் நிழலில் குந்தியிருக்கிறது.
ஃபோர்மேன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

எனக்கு முன்பே இங்கே வேலைக்குச் சேர்ந்தவன்.
கம்பெனிப் பலகை மூன்று முறை மாறியும்
ரத்தாகாத ஒரே விசா அவனுடையது.
காலை வரிசையில் ஒவ்வொரு பூட்ஸையும்
முகர்ந்து பார்த்த பிறகுதான் பஸ்ஸுக்கு வழிவிடுவான்.
அதனால் வந்த பெயர்.
வயது பதிமூன்றோ பதினான்கோ,
பாஸ்போர்ட் இல்லாததால் யாருக்கும் தெரியாது.

டாக்டர் பஸ்மா காகிதத்தில் வட்டமிட்டார்.
கிரியாட்டினின் ஆறு புள்ளி நாலு.
சிறுநீரகம் வெளியேற்றாத கழிவு
ரத்தத்திலேயே சுற்றுகிறது,
சோற்று வாசனை பட்டதும் வயிறு புரள்கிறது,
உன் சமையலில் குறையில்லை என்றார்.
அவர் அரபியில் சொன்னதை
டிரைவர் இத்ரீஸ் இந்தியில் தர,
நான் தமிழில் வாங்கிக்கொண்டேன்.
இரண்டு மொழி தாண்டி வந்தும்
அந்த எண் குறையவில்லை.

பதினெட்டு ரியால் கொடுத்து
சிறுநீரக நாய்களுக்கென்றே விற்கும் பை.
இரண்டு நாள் தின்றான்.
மூன்றாம் நாள் பை சரசரத்ததும்
எழுந்து கேட் வரை போய்விட்டான்.
வாயில் திணிக்காதே, டாக்டர் சொல்லியிருந்தார்,
திணித்ததை அப்புறம் என்றைக்கும் தொடமாட்டான்.
முதலில் குமட்டல் மாத்திரை.
அரைமணி நேரம் பொறு.
வெள்ளைக்கரு மட்டும், மஞ்சள் வேண்டாம்.
சோறு குழைய வேண்டும்,
உன் மணிக்கட்டில் வைத்தால்
சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல்.

சாயங்காலம் நர்ஸ் பைஜு வருவான்.
துணிக்கொடியில் சலைன் பையை மாட்டுவான்.
தோளருகே தோலைத் தூக்கி ஊசி நுழைத்ததும்
தண்ணீர் இறங்கி ஒரு சின்னத் திமில் எழும்.
பெங்காலிப் பையன்கள் சிரிப்பார்கள்,
ஃபோர்மேன் ஒட்டகமாகிவிட்டான்.
இரவுக்குள் திமில் வடியும்.
அவன் அசையாமல் நிற்பான்,
மேலதிகாரி திட்டும்போது நாங்கள் நிற்பதுபோல.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்கிறார்கள்.
பசியே பறந்துபோனவனை
எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

மெஸ்ஸில் தட்டு திரும்பி வரும்போதே
எனக்குத் தெரிந்துவிடும்.
பருப்பை ஒதுக்கியவனுக்கு இரண்டு மாதமாகச் சம்பளமில்லை.
ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னாமல் வைத்தவனுக்கு
ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது.
அவர்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை.
மறுநாள் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவேன், அவ்வளவுதான்.
இவனிடம் அது செல்லாது.

இன்று மதியம் நாற்பத்தாறு டிகிரி.
கிண்ணத்தை மூன்று முறை சூடாக்கினேன்.
மூன்று முறையும் உதட்டை நக்கிக்கொண்டு விலகினான்.
நானே ஒரு வாய் போட்டுப் பார்த்தேன்.
உப்பில்லாத சோறு,
வெந்நீரை மென்றதுபோல.
நன்றாக இல்லைதான் என்று
அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

ஆறரைக்கு பஸ்கள் திரும்பின.
ஃபோர்மேன் பின்னங்கால் நடுங்க எழுந்தான்.
இறங்கியவர்களின் பூட்ஸை
ஒன்று விடாமல் முகர்ந்தான்.
வெல்டர் ரஃபீகுல் காலை நீட்டி
வெகுநேரம் நின்றான், பின்னால் வரிசை தேங்க.
யாரும் நகரச் சொல்லவில்லை.

கடைசி ஆளும் போன பிறகு
என்னிடம் வந்து உட்கார்ந்தான்.
கிண்ணத்தைக் காட்டவில்லை.
உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துக்கொண்டு
சாலையைப் பார்த்திருந்தேன்,
வேறு யாருக்கோ காத்திருப்பவன்போல.
உலர்ந்த மூக்கு விரலைத் தொட்டது.
ஒரு வாய்.
அப்புறம் மூன்று.
ஐந்தாவதை நான் நீட்டவில்லை.
மிச்சத்தை அவன் கண்ணில் படாமல் எடுத்துப்போனேன்.

நாளை தின்பானா தெரியாது.
டாக்டரும் மாதக் கணக்கு சொல்லவில்லை,
வாரம் என்றுதான் சொன்னார்.
மூன்றரைக்கு எழ வேண்டும்.
பெரிய அண்டாவில் கை வைக்கும் முன்
ஒரு பிடி அரிசியைத் தனியே எடுக்க வேண்டும்,
பழக்கத்தில் உப்பு விழுந்துவிடுமுன்.